கடையம் பக்கம் ஒரு வீடு: நிலைப்படி தவிர மற்றதெல்லாம் சரி

என் பணி ஓய்வு இரண்டு முறை தள்ளிப்போனது. 2020 மே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் அதை 60 ஆக்கினார்கள். 2022 ஜூன் கடைசியில்தான் மாலை போட்டு, தட்டு நிறையப் பழம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த இரண்டு வருடமும் என் ஆபீஸ் மேசை இழுப்பறையில் கட்டம் போட்ட தாளில் வரைந்த ஒரு வீட்டுப் படம் கிடந்தது. கீழே ஒரு படுக்கையறை, மாடியில் இரண்டு, நடுவில் முற்றம், முன்னால் தார்சா (எங்கள் பக்கத்து முன்கூடம்). சின்ன வயதில் நான் ஓடி விளையாடிய தாத்தா வீட்டை அப்படியே மனதிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். இன்று நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள ஒற்றுமை இரண்டுதான். வாசல் கிழக்கே பார்த்தது. முன்னால் தார்சா இருக்கிறது.

ஊர் தென்காசி மாவட்டத்தில், கடையத்துக்குப் பக்கத்தில். மேற்கே மலை, கொஞ்ச தூரத்தில் கடனாநதி. சென்னையிலிருந்து பொதிகையில் ஏறித் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து திருநெல்வேலி பாசஞ்சரில் கீழக்கடையம் வர வேண்டும். நான் பிறந்து வளர்ந்த ஊர். என் மனைவிக்கு அப்படி இல்லை. அவள் பெரம்பூரில் பிறந்து, பெரம்பூரிலேயே படித்து, வில்லிவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் படத்தைக் காட்டியபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏங்க, இது உங்க ஊரு. உங்களுக்கு டீக்கடையில உக்காந்தா பேச ஆள் இருக்கு. எனக்கு யார் இருக்கா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கட்டுவதற்கு முன்னால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். வாடகை மாதம் 3,500 ரூபாய். இந்த வீட்டு விஷயத்தில் நான் செலவழித்த பணத்திலேயே உருப்படியான செலவு அதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரில் வீடு கட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "உங்க வீட்டம்மா அங்க தொடர்ந்து ஆறு மாசம் இருந்திருக்காங்களா?" என்றுதான். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்து போவதெல்லாம் கணக்கில் சேராது.

நாங்கள் போய் இறங்கியது ஜூலை நடுவில், ஆனி முடிந்து ஆடி பிறந்த சமயம். காற்று காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி அடிக்கும், கூடவே சாரல். குற்றாலத்துக்கு ஒருநாள் குளிக்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள வாடகை வீட்டில் இரண்டு மாதம் இருந்தால் வேறு கதை. படுக்கை ஈரம், சுவரில் பூஞ்சை, கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது, ராத்திரி முழுக்கத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். நான் வரைந்த படத்தில் பெரிய ஜன்னல்கள் எல்லாம் மேற்கே பார்த்து இருந்தன, மலை தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த இரண்டு மாதத்தில் படத்தைத் திருப்பிப் போட்டேன். குளியலறை, கழிப்பறை, சாமான் அறை, வெளிப்படிக்கட்டு எல்லாவற்றையும் மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்தேன். காற்றையும் சாயங்கால வெயிலையும் அவை வாங்கிக்கொள்ளும். படுப்பதும் உட்காருவதும் கிழக்கிலும் தெற்கிலும். அடுப்படி தென்கிழக்கு மூலையில். வாஸ்து பார்க்க வந்தவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். மேல்காற்றில் புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போகும் என்பதுதான் என் காரணம். இரண்டும் ஒத்துப்போனதில் எனக்கும் சந்தோஷமே. மலை தெரிய வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய்க்கொள்கிறேன்.

அவளும் தை மாதத்துக்குள் தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள். முதல் மாதம் தெருவில் அவள் பெயர் "மெட்ராஸ்காரி". அப்புறம் "ஆபீசர் வீட்டம்மா". கார்த்திகைக்குள் எதிர்வீட்டு மைனியோடு சேர்ந்து பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ரயிலில் போய் வர ஆரம்பித்துவிட்டாள். தை பிறந்ததும் கேட்டபோது, "சரி, கட்டுங்க. ஆனா மாடி வேண்டாம்" என்றாள்.

மாடி வேண்டாம் என்பதற்கு அவள் முட்டிதான் காரணம். அந்த முட்டியை வைத்துத்தான் பிறகு முழு வீட்டையும் யோசித்தோம்.

அதற்கு முன்னால் மனை. தாத்தா காலத்து மனை, ஊருக்குள் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம். பட்டா அப்பா பெயரிலும் இரண்டு சித்தப்பாக்கள் பெயரிலும் கூட்டாக இருந்தது. 33 சென்ட், ஆளுக்கு 11 என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த கணக்கு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும். 1 ஏர் என்றால் 2.47 சென்ட். இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, நிலம் பற்றிப் பேசும் எல்லா இடத்திலும் உதவும். சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்துக்கொண்டு சங்கிலி பிடித்து அளந்தபோது 31½ சென்ட்தான் தேறியது. ஓடைப் பக்கம் ஒன்றரை சென்ட் எந்தக் காலத்திலோ போய்விட்டிருந்தது. ஆளுக்கு 10½. அரை சென்ட் என்றால் சுமார் 218 சதுர அடி, ஒரு பெரிய அறை அளவு. சித்தப்பா மகனுக்கும் எனக்கும் அதில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. எல்லைக் கல் அவன் சொன்ன புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடைசியில் அவன் அம்மா, எங்கள் சித்தி, வந்து "புளிய ரெண்டு வீட்டுக்கும் பங்கு வச்சுக்கோங்கலே" என்று சொல்லித்தான் முடிந்தது. புளி இப்போதும் பங்குதான்.

வாரிசுச் சான்று வாங்கும்போது அக்காவின் பெயரும் வந்தது. வரத்தான் வேண்டும். 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமான பங்கு. ஊரில் பல பேர் "அக்காவுக்குக் கல்யாணத்துக்கே செஞ்சாச்சு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்காமல் கட்டிவிடுகிறார்கள். பேரன் காலத்தில் வழக்கு வரும். நான் ராஜபாளையம் போய் அக்காவிடம் நேரில் கேட்டேன். தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். பணம் வேண்டாம் என்றாள். "தாத்தா வீட்டு ஊஞ்சல் பலகை உன்கிட்டதானே இருக்கு? அதை மட்டும் மாட்டிவை, நான் வந்தா ஆடணும்" என்றாள். இதோடு பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு செய்து தனிப்பட்டா, வில்லங்கச் சான்று, ஊராட்சியில் வரைபட அனுமதி. இந்த வரிசை முக்கியம். தனிப்பட்டா வராமல் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டக் கூடாது. வீட்டைக் கட்டுவதற்கு ஏழு மாதம். காகிதத்துக்கு ஐந்து மாதம். நாங்கள் வாடகை வீட்டில் இருந்ததால் இரண்டும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து நடந்தன. (2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையதளத்தில் சுயசான்று முறையில் உடனே அனுமதி தருகிறார்கள். என் மனை அதைவிடப் பெரியது, தவிர அப்போது அந்த வசதியும் இல்லை.)

கொல்லையில் பழைய கிணறு ஒன்று தூர்ந்து கிடந்தது. வாஸ்துக்காரர் மூடச் சொன்னார். போர் போடுகிறவர் இரண்டு லட்சம் ஆகும் என்றார். நான் நாலு ஆளை விட்டுத் தூர் வாரினேன், 38,000 ரூபாயில் 34 அடியில் ஊற்று வந்துவிட்டது. ஒன்றரை சென்ட்டைத் தின்றாலும் அந்த ஓடைதான் கிணற்றுக்குத் தண்ணீர் தருகிறது. மழை நீரும் கிணற்றில்தான் போய்ச் சேர்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர். செப்டிக் டேங்கை மட்டும் மனையின் மறு மூலையில், கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் தள்ளி வைத்தோம். இந்த ஒரு தூரத்தை யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து வீட்டின் உயரம். இதில்தான் மேஸ்திரியோடு எனக்கு முதல் சண்டை. வயதானவர்களுக்கான வீடு, படியே வேண்டாம், தரைமட்டம் ஒரு அடி போதும் என்றேன். மேஸ்திரி ஊர்க்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர்.

"அண்ணாச்சி, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல நீங்க ஊர்ல இல்ல. நான் இருந்தேன். இந்தத் தெருவுல தொடை அளவு தண்ணி. பேஸ்மட்டம் மூணு அடிக்குக் கொறைஞ்சா நான் வேலைக்கு வரல" என்றார்.

1992 நவம்பரில் தாமிரபரணி வட்டாரத்தில் வந்த வெள்ளம் எனக்குப் பேப்பரில் படித்த செய்தி. அவருக்கு அது வீட்டுக்குள் வந்த தண்ணீர். விட்டுக்கொடுத்தேன். ஆனால் மூன்று அடி என்றால் ஆறு படி. முட்டி வலிக்கிறவளை எப்படி ஏற்றுவது? சாய்தளம். சக்கர நாற்காலியை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏற வேண்டுமென்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்று அடிக்கு 36 அடி. மேஸ்திரி சிரித்தார். "பிளேன் இறக்கப் போறியளா அண்ணாச்சி?" தெற்குச் சுவரை ஒட்டி 18 அடி ஏறி, ஒரு திருப்பம், திரும்ப 18 அடி ஏறி, பக்கவாட்டுக் கதவில் வந்து முடிகிறமாதிரி கட்டினோம். நாலு அடி அகலம், சொரசொரப்பான சிமென்ட் தரை, ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய். 62,000 ரூபாய் ஆனது. தெருவில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

கிரகப்பிரவேசம் ஆவணியில் முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லைதான், ஆனால் ஓடை திரும்பித் தெருவுக்குள் வந்துவிட்டது. வாசல் படியில் நாலாவது படி வரை தண்ணீர். இரண்டு நாள் கரண்ட் இல்லை. எதிர்வீட்டு மைனி, அவர் மாமியார் ஆச்சி, ஒரு கன்றுக்குட்டி, மூன்று பேரும் எங்கள் சாய்தளம் வழியாகத்தான் மேலே வந்தார்கள். ஆச்சிக்கு 84 வயது. படி ஏற மாட்டார். மேஸ்திரி மறுநாள் வந்து படியை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று அடி அவர் சொன்னது, 36 அடி நான் சொன்னது.

கூரைத் தளம் போட்ட நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேபர் கான்ட்ராக்ட், சாமான் நம்முடையது. இந்த ஏற்பாட்டில் வீட்டுக்காரர் தினமும் மனையில் நிற்க வேண்டும். நான் நின்றேன். செங்கல் வந்தால் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது, எம்-சாண்ட் லாரியை யூனிட் கணக்குக்கு டேப் வைத்து அளப்பது எல்லாம் பழகிவிட்டது. (எங்கள் மாவட்டத்து குவாரியில் உடைக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகின்றன. நாங்கள் லாரிக்காக இரண்டு நாள் காத்திருப்போம். அந்தக் கோபத்தை இங்கே எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.)

வைகாசிக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காற்று காலத்தில் போட்டால் மேல்பரப்பு சட்டென்று காய்ந்து மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். சித்திரைக் கடைசியில், காலை ஐந்தரை மணிக்கு மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபத்திரண்டு ஆட்கள். 1:1½:3 கலவை. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்று படித்து வைத்திருந்தேன். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் பாதிக்கு ஒரு கோடு கிழித்து, மிஷினில் தண்ணீர் ஊற்றும் பையன் கையில் கொடுத்தேன். ஒரு மூட்டைக்கு ஒரு வாளியும் கோடு வரை இன்னொரு முறையும். முதல் பத்து மூட்டை ஒழுங்காகப் போனது. அப்புறம் வெயில் ஏறியது. சட்டி தூக்கும் பெண்கள் கலவை கனமாக இருக்கிறது, தள்ள வரவில்லை என்றார்கள். நான் டீ வாங்கி வரப் போன நேரத்தில் கோடு போட்ட வாளி ஓரமாகக் கிடந்தது. குழாயை அப்படியே மிஷினுக்குள் விட்டிருந்தார்கள்.

"தண்ணி கொறைஞ்சா கலவை ஓடாதுல்லா அண்ணாச்சி" என்றார் மிஷின்காரர். தப்பு அவருடையது மட்டும் இல்லை. கலவை தளரத் தளர வேலை சீக்கிரம் முடியும், அவர்கள் கூலி நாள் கணக்கு இல்லை, தளத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியது. சீக்கிரம் முடித்தால் அவர்களுக்கு லாபம். அந்தக் கூலியைப் பேசியது நான்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு முடித்தாலும் ஆறு மணிக்கு முடித்தாலும் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன், தண்ணீர் மட்டும் வாளியில்தான் என்றேன். 2,200 ரூபாய். வாளி திரும்ப வந்தது. தளர்ந்துபோன அந்த நாலைந்து மூட்டைக் கலவை எந்த இடத்தில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். சாமான் அறைக்கு மேல். இன்றும் மழைக்காலத்தில் அங்கே மட்டும் ஒரு கைக்குட்டை அளவு ஈரம் பூக்கும்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "கொக்கி வச்சியா?"

வைக்கவில்லை. ஊஞ்சல் கொக்கியைத் தளம் போடுவதற்கு முன்பே கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டினால் இரண்டு பேர் பாரம் தாங்கும் என்று நம்பிப் படுக்க முடியாது. பட்டாசல் (நடுக்கூடம்) பகுதிக்குக் கலவை வர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. கம்பி கட்டுகிறவர் 16 எம்எம் கம்பித் துண்டு இரண்டை வளைத்து, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையில் துளை போட்டு, மேல்கம்பியோடு சேர்த்துக் கட்டினார். கலவை அவர் கை மேலேயே விழுந்தது. ஃபேன் கொக்கி எல்லாம் எலக்ட்ரீஷியன் பட்டியலில் இருந்தது. ஊஞ்சல் யார் பட்டியலிலும் இல்லை. தளத்துக்கு முதல் நாள் ராத்திரி, கூரையிலிருந்து தொங்க வேண்டியது என்னென்ன என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதி வையுங்கள்.

ஏறக்குறைய நூறு மூட்டை போனது. மறுநாளிலிருந்து தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம், 14 நாள். சென்ட்ரிங் பிரிக்க 21 நாள்.

குளியலறைக்கு வருகிறேன். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான் என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். கட்டுகிறவர்களுக்கு அது கடைசி வேலை, கடைசி நேரத்தில் செய்யும் வேலை. நான் கேட்டது: மூன்று அடி அகலக் கதவு, வெளியே திறப்பது. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் காசு வைத்துத் திருகித் திறக்கிறமாதிரி. கழிப்பிடம் உயரமானது, 18 அங்குலம். பக்கத்தில் ஸ்டீல் கைப்பிடி, அது வரும் இடத்தில் சுவர் முழுச் செங்கல் கட்டு. படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு எண்ணி ஒன்பது எட்டு, வழியில் எந்தத் தடுக்கலும் இல்லை. தலைமாட்டிலேயே சுவிட்ச். இத்தனையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை, சொல்லாமலே தெரியும் என்று நினைத்தேன். டைல்ஸ் ஒட்டுகிறவர் வழக்கம்போலக் குளியலறைத் தரையை அறையைவிட இரண்டு அங்குலம் இறக்கி, வாசலில் ஒரு கிரானைட் விளிம்பும் வைத்துவிட்டார். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அதுதான் முறை என்றார். உடைத்துத் திரும்பச் செய்ய 11,000 ரூபாய். இப்போது தரை ஒரே மட்டம், உள்ளே மூலையை நோக்கி மெதுவாகச் சரிகிறது. தண்ணீர் வெளியே வரவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தவன் வாசலில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் முடியாது.

தாத்தா வீடு இடிந்தபோது அதன் தலைவாசல் நிலையைச் சித்தப்பா எடுத்துத் தொழுவத்தில் போட்டு வைத்திருந்தார். தேக்கு. மேலே கஜலட்சுமி செதுக்கியது. நூறு வருடத்து எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப் பளபளவென்று இருக்கும். ஆசாரி பார்த்துவிட்டு, "இப்படி மரம் இனி கிடைக்காது சார்" என்றார். அதையே தலைவாசலுக்கு வைத்தோம். மனைவி அன்றே கேட்டாள், "அடிப்படி இவ்வளவு உயரமா இருக்கே?" ஐந்து அங்குலம். அந்தக் காலத்து நிலை அப்படித்தான், குனிந்து, காலைத் தூக்கி வைத்து உள்ளே போக வேண்டும். "தலைவாசல்தானே, பக்கத்துக் கதவு இருக்கே" என்றேன். நிலை வைத்த அன்று நவதானியம் போட்டு, வெள்ளிக் காசு வைத்து, பால் தெளித்து, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் யாரும் என்னோடு வாதாட விரும்பவில்லை.

குடிவந்த மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமை காலை, வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கோலப்பொடி டப்பாவோடு அவள் உள்ளே வந்தாள். வலது கால் படியைத் தாண்டிவிட்டது. இடது கால் தாண்டவில்லை. மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. 36 அடி சாய்தளம் கட்டியவன் வீட்டில், ஐந்து அங்குலப் படியில் விழுந்தாள். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து தலைவாசல் கதவு விருந்தாளிகளுக்கும் சாமி புறப்பாட்டுக்கும்தான். நாங்கள் பக்கவாட்டுக் கதவுதான். கோலம் மட்டும் தலைவாசலில் போடுகிறாள், போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு சாய்தளம் வழியாக உள்ளே வருகிறாள்.

பணக் கணக்கு கேட்பீர்கள். 1,050 சதுர அடி. எஸ்டிமேட் 21 லட்சம். முடிந்தது 27½ லட்சம். வீட்டுச் சுவருக்குள் ஏறிய செலவு ஒன்றரை லட்சம்தான். மீதி ஐந்து லட்சமும் எஸ்டிமேட்டில் யாரும் எழுதாத சாமான்கள்: சுற்றுச்சுவர், கேட், செப்டிக் டேங்க், கிணறு, சாய்தளம், மின் இணைப்பு, மண் நிரப்பியது, கிரகப்பிரவேசச் சாப்பாடு. ஓய்வூதியப் பணப்பலனில் கட்டுகிறவர்கள், எஸ்டிமேட்டுக்கு மேல் நாலில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு, அதோடு ஆஸ்பத்திரிக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்துவிட்டு, மீதியில்தான் வரைபடம் போட வேண்டும். நான் மாடியை வெட்டியதால் தப்பித்தேன். பையன் ஓசூரில், மகள் கோவையில். இரண்டு குடும்பமும் சேர்ந்து வருடத்துக்குப் பதினைந்து நாள் இருந்தால் அதிகம். அந்தப் பதினைந்து நாளும் பட்டாசலில் பாய் விரித்து வரிசையாகப் படுக்கிறார்கள். பேரப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் யாருக்கு என்பதில்தான் சண்டை, அறைக்கு இல்லை.

சில்லறை விஷயங்கள் சில. 2024இல் மாடியில் 2 கிலோவாட் சோலார் வைத்தோம், மத்திய அரசு மானியம் 60,000 ரூபாய் வந்தது. ஆனால் அது மின்வாரிய லைனோடு இணைந்தது, கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். வைத்த பிறகுதான் பல பேருக்கு இது தெரிகிறது. இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள். மயில் கண்ணாடி ஜன்னலில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்தும், கீழ்ப்பாதிக்குத் திரை போட்டுவிட்டோம். குரங்கு தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கும், பூட்டுப் போட்டோம். சாக்கடைக் குழாய் வாய்க்கெல்லாம் வலை, கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளிகூட இல்லாமல் ரப்பர் பட்டை. பாம்பைவிட நட்டுவாக்காலிதான் (பெரிய கருந்தேள்) இங்கே அடிக்கடி வரும். பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். பெரிய வைத்தியத்துக்குத் தென்காசி, அதற்கும் மேல் என்றால் பாளையங்கோட்டை. வீடு கட்டும் முன்பே ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு, ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினோம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க. 40 நிமிடம். டிரைவருக்கு நாங்கள் ஏன் போனோம், ஏன் இறங்காமல் திரும்பினோம் என்று இன்றுவரை புரியவில்லை.

சாயங்காலம் ஆச்சி வந்து சாய்தளத்துத் திருப்பத்தில் உட்கார்ந்துகொள்வார். அங்கே காற்று அடிக்காது, சுவர் மறைக்கும். மைனி வருவாள், இன்னும் இரண்டு பேர் வருவார்கள். என் மனைவி அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள். டீக்கடைக்குப் போய்விட்டு வரும் நான் அவர்கள் நடுவில் வழி கேட்டு ஏறி வர வேண்டியிருக்கிறது.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது 68 வயது, இடுப்பு வலி. தாத்தா வீட்டு நிலை வழியாகத்தான் உள்ளே வருவேன் என்று பிடிவாதமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், தூக்கிய கால் படி உயரத்துக்குப் போகவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் போனாள்.

மறுநாள் ஆசாரியை வரச் சொன்னேன். அடிப்படியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, நிலைக்கால் இரண்டையும் கீழே இரும்புப் பட்டை வைத்து இறுக்கிவிடலாம் என்றார். அளவெடுத்தார். பென்சிலால் கோடு போட்டார். ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் நிலையில் வாள் வைக்க வேண்டாம், ஆவணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கறுத்த தேக்கில் பென்சில் கோடு சரியாகத் தெரியவில்லை. என் மனைவி அதன் மேல் கோலப்பொடியால் இன்னொரு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.